ரெண்டு சம்படம், ஒரே மேசை: ஒண்ணு நிறைஞ்சுது, இன்னொண்ணு ஏன் நிறையலை?

பாத்திரக்கடை_பாளை கேட்டது:

வணக்கம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் எவர்சில்வர் பாத்திரக் கடை வச்சிருக்கேன். முப்பத்தோரு வருசமாச்சு. எங்க பஜார்ல எந்த ஊர்க் கஷ்டத்துக்கு வசூல் எடுத்தாலும் நோட்டு என் கைக்குத்தான் வரும். பெரிய காரணம் ஒண்ணும் கிடையாது. கையெழுத்து முத்து முத்தா இருக்கும், ரசீது கிழிக்காம யார்கிட்டயும் பத்து ரூபா வாங்க மாட்டேன், அவ்வளவுதான்.

2024 ஜூலை 30 விடியக்காலம் வயநாட்டுல மலை சரிஞ்சு முண்டக்கையும் சூரல்மலையும் போச்சு. அன்னிக்குச் சாயங்காலமே மேசையில ரெண்டு கிலோ சம்படம் ஒண்ணை வச்சேன். மூடியில உளி வச்சுக் காசு விழுற அளவுக்கு ஒரு வாய் திறந்து, ‘வயநாடு மக்களுக்கு’ன்னு தாள்ல எழுதி ஒட்டினேன். நாலு நாள் கழிச்சு எம் மக வந்தா. எம்.எஸ்.டபிள்யூ., அதான் சமூகப்பணி, படிக்கா. “அப்பா, இதே வாரம் ஆகஸ்ட் 1-ம் தேதி சூடான்ல ஜம்ஜம்னு ஒரு முகாம்ல பஞ்சம் வந்துட்டுன்னு சொல்லியிருக்காங்க. அந்த ஒரு முகாம்லயே அஞ்சு லட்சம் பேர் இருக்காங்க. அதுக்கும் ஒண்ணு வைங்களேன்” அப்படின்னா. சரின்னு பக்கத்துலயே இன்னொண்ணு வச்சேன். அதே ரெண்டு கிலோ, அதே மூடி, அதே கையெழுத்து. ‘சூடான் மக்களுக்கு.’

வயநாட்டுச் சம்படத்தை ஒன்பது நாள்ல மூணு தடவை கவுத்தேன். 23,470 ரூபா. அது போக ரெண்டு மூட்டை அரிசி, ஒரு கட்டு புதுப் போர்வை. சூடான் சம்படத்தை இருபத்தோரு நாள் விட்டுத் திறந்தேன். 312 ரூபா ஐம்பது பைசா. அதுல 200 ரூபா எம் மக போட்டது. ஒட்டுப்போட்ட பத்து ரூபா நோட்டு ஒண்ணு கிடந்துது. அந்த ஐம்பது பைசாவை யார் போட்டாங்கன்னு எனக்கு இன்னும் தெரிஞ்சுக்கணும். இப்ப கோயில் உண்டியல்ல கூட அதை யாரும் போடதில்ல.

போட்டவங்க, போடாதவங்க எல்லாரும் எங்கிட்ட ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுத்தான் போனாங்க. பூ விக்கிற ஆச்சி வயநாட்டுக்கு இருபது ரூபா போட்டுட்டு, அடுத்த தாளை எழுத்துக்கூட்டிப் படிச்சா. “இது எங்கன இருக்கு?” ஆப்பிரிக்கான்னேன். “அங்கன எப்பவுமே அப்படித்தானய்யா?” வாழைக்காய் மண்டிக்காரர், “அவனுவளுக்குள்ள சண்டைல்லா அண்ணாச்சி, அடிச்சுக்கிடுதானுவோ, நாம எதுக்கு நடுவுல?”ன்னு கேட்டார். பேங்க்ல வேலை பாக்குற ஒரு தம்பி மட்டும் நிதானமா, “நான் நூறு ரூபா போடுதேன், இது எப்படிப் போய்ச் சேரும்னு சொல்லுங்க” அப்படின்னான். எனக்குப் பதில் தெரியலை. அவனும் போடலை. மூணு பேச்சுல என்னை முகத்துல அடிச்சது அதுதான்.

அன்னைக்கு ராத்திரி பழைய நோட்டையெல்லாம் எடுத்துப் புரட்டினேன். 2004 டிசம்பர் சுனாமிக்கு நான் யார்கிட்டயும் போய்க் கேக்கவேயில்ல. கடையைத் திறக்குறதுக்கு முன்னாடியே ஆள் நின்னாங்க. நாலு நாள்ல லாரி போட்டோம், குமரி மாவட்டம் மணக்குடிக்கு. நான் சோத்துப்பானை, அகப்பை, தட்டு, டம்ளர்னு ஏத்தினேன். பாலத்தைக் கடல் தூக்கி எறிஞ்சிருந்ததை அங்கதான் நேர்ல பாத்தேன். அதே நோட்டுல அடுத்த பக்கத்தைத் திருப்பினா தென்காசிப் பக்கம் ஒரு தீ விபத்து. இடையில ஒரு வரி கூட இல்ல. ஆனா பத்து மாசம் கழிச்சு, 2005 அக்டோபர் 8-ல காஷ்மீர்ல பூகம்பம் வந்துது. எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டும் 73,000 பேருக்கு மேல செத்தாங்க. இந்தப் பக்கமும் ஊரி, தங்தார்ல ஆயிரத்துக்கு மேல. நான் நோட்டையே திறக்கலை. யாரும் தடுக்கலை, யாரும் கேக்கவுமில்ல. எனக்கே தோணலை.

2023 பிப்ரவரியில துருக்கி பூகம்பத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் விழுந்துது. அதுவும் தூரந்தானே? அங்கயும் நமக்கு ஒரு சொந்தக்காரனும் கிடையாது. அப்ப சூடானுக்கு மட்டும் என்ன? செத்தவங்க எண்ணிக்கைக்கும் சம்படத்துல விழுற காசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே, வேற என்னதான் கணக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க. ‘மனுசன் மனசு கல்லு’ங்கிற பதில் வேண்டாம். அதே மனுசங்கதான் பக்கத்துச் சம்படத்தை மூணு தடவை நிறைச்சாங்க.


நெல்லை_டவுன்காரன்:

அண்ணாச்சி, தப்பா நினைக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல நமக்கு வந்த வெள்ளத்துக்கு எந்தச் சூடான்காரன் வந்தான்? கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீசுக்குள்ளயே தண்ணி. குறுக்குத்துறை முருகன் முங்கிட்டாரு. முதல்ல நம்ம ஊரைப் பாரும்.


பாத்திரக்கடை_பாளை:

வரலைதான் தம்பி. வயநாட்டுக்காரரும் என் கடைப்பக்கம் வரலை. அவருக்கு 23,000 விழுந்துதே, அது எப்படிங்கிறதுதான் கேள்வி.


புள்ளியியல்_வாத்தியார்:

அண்ணாச்சி, நான் பெருமாள்புரத்தில் இருக்கிறேன், கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். உங்கள் மேசையில் நடந்தது ஒரு அருமையான சோதனை. பாத்திரம் ஒன்று, இடம் ஒன்று, கேட்கிற ஆள் ஒன்று. மாறினது தாளில் இருந்த ஊர்ப்பெயர் மட்டும். பல்கலைக்கழகங்களில் இதற்காகவே மானியம் வாங்குகிறார்கள்.

வாழைக்காய் மண்டிக்காரர் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அவர் சொன்னது ஆய்வில் அப்படியே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஹன்னா ஸகெஃப்கா என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பூகம்பம், புயல் மாதிரி இயற்கை செய்த அழிவுக்கு மக்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள், போர், கலவரம் மாதிரி மனிதன் செய்ததற்குக் கை சுருங்குகிறது என்று கண்டார்கள். காரணம் கஞ்சத்தனம் இல்லை. மனிதன் செய்தது என்றதும், பாதிக்கப்பட்டவன் மேலேயே கொஞ்சம் பழி ஒட்டிக்கொள்கிறது. அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்தான் என்று ஒரு கேள்வி வந்துவிடுகிறது. ஜம்ஜம் முகாமில் பசியில் கிடக்கிற பிள்ளை எந்தப் படையிலும் இல்லை. ஆனாலும் ‘அவனுவளுக்குள்ள சண்டை’ என்ற ஒரு வரி போதும், சம்படத்தின் வாய் அடைந்துவிடும்.

பூக்கார ஆச்சி சொன்னது இன்னும் ஆழம். ‘எப்பவுமே அப்படித்தான்’ என்றால் அது செய்தி இல்லை. எய்சென்ஸீ, ஸ்ட்ரோம்பெர்க் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1968 முதல் 2002 வரை நடந்த சுமார் 5,000 பேரிடர்களை எடுத்துக்கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியில் எது வந்தது, எதற்கு அமெரிக்க அரசு உதவி போனது என்று பார்த்தார்கள். எரிமலையில் ஒருவர் இறந்தால் கிடைக்கிற செய்தி வாய்ப்பு பஞ்சத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றால் ஏறக்குறைய 40,000 பேர் சாக வேண்டும். முதல்தடவை படித்தபோது நான் அச்சுப்பிழை என்று நினைத்தேன். எரிமலை வெடிக்கிறது, படம் எடுக்கலாம். பஞ்சம் எந்தக் கிழமை வெடித்தது? இன்னொன்றும் சொன்னார்கள்: ஒலிம்பிக்ஸ் நடக்கிறபோது வருகிற பேரிடருக்குச் செய்தியும் குறைவு, உதவியும் குறைவு.

இப்போது உங்கள் தேதிகளைப் பாருங்கள். வயநாடு சரிந்த அதே ஜூலை 30-ல்தான் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் துப்பாக்கிச் சுடுதலில் இரண்டாவது வெண்கலம் வாங்கினார். வயநாடு பக்கத்து ஊர், மலையாளம் நம் காதுக்குப் பழக்கம், அதனால் அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சூடான் பஞ்ச அறிவிப்பு வந்த அடுத்த வாரம் நம் ஊர் டீக்கடையில் என்ன பேச்சு? மல்யுத்தத்தில் வினேஷ் போகாட்டுக்குக் கூடிப்போன நூறு கிராம் எடை. நானும் அதைத்தான் பேசினேன், மறைக்கவில்லை.

எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அது அடியோடு சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் கோணலான சம்பந்தம். எவாஞ்சலிடிஸ், வான் டென் பெர்க் என்ற இருவரின் 2013 ஆய்வுப்படி, கொடை பின்தொடர்வது செத்தவர்களின் எண்ணிக்கையை, தவிக்கிறவர்களின் எண்ணிக்கையை அல்ல. செத்தவருக்கு அரிசி வேண்டாம், உயிரோடு இருப்பவருக்குத்தான் வேண்டும் என்று யோசித்தால் இது தலைகீழ். 2010-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஹெய்ட்டியில் பூகம்பம், லட்சக்கணக்கில் சாவு என்று செய்தி. அமெரிக்காவில் செல்போனில் ஒரு சொல்லை அடித்து அனுப்பினால் பத்து டாலர் என்று ஏற்பாடு செய்ததில் செஞ்சிலுவைக்கு மூன்று கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அதே வருடம் ஜூலை, ஆகஸ்டில் பாகிஸ்தானில் வெள்ளம். நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரில், பாதிக்கப்பட்டவர்கள் 2 கோடி. ஆனால் இறந்தவர்கள் சுமார் 2,000. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த பான் கி மூன், இது மெதுவாக நகர்கிற சுனாமி என்று சொல்லிப் பார்த்தார். மெதுவாக நகர்ந்ததுதான் அதன் குற்றம்.

முகம் என்ற விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு வேலைக்குக் கூலியாக ஐந்து ஒரு டாலர் நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, இதில் எவ்வளவு தருவாய் என்று கேட்டார்கள். மாலி நாட்டு ஏழு வயதுப் பெண் ரோக்கியாவின் படத்தைக் காட்டியபோது சராசரி 2.38 டாலர். லட்சக்கணக்கானவர்களின் பசியைப் புள்ளிவிவரமாகச் சொன்னபோது 1.14. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43-க்கு இறங்கியது. எண்ணிக்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ரோக்கியாவின் முகம் மங்கிவிட்டது. நான் எண்ணிக்கையை வைத்துப் பிழைக்கிறவன், எனக்கே வருத்தம்தான். ஆனால் கையில் திணித்த ஐந்து டாலரும், வியாபாரம் படுத்த நாளில் சொந்தப் பையிலிருந்து எடுக்கிற இருபது ரூபாயும் ஒன்றில்லை. அந்த ஆய்வைவிட உங்கள் ஒட்டுப்போட்ட நோட்டைத்தான் நான் நம்புவேன்.


டீச்சரம்மா_மெஞ்ஞானபுரம்:

தம்பி, நான் பணி ஓய்வு பெற்று பதினோரு வருடம் ஆகிறது. வாத்தியார் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒன்றைச் சேர்க்கிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள். ஆராதனை முடிந்து வெளியே வருகிறோம், மணப்பாடு பக்கத்துக்காரர் ஒருவர் கடல் பின்வாங்கிவிட்டது என்று வந்து சொல்கிறார். அன்று எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், எல்லார் வீட்டிலும் பலகாரம் இருந்தது, டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. தாய்லாந்துக் கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் கையில் கேமரா இருந்தது. அலை வருவதை உலகம் பார்த்தது அவர்கள் எடுத்த படத்தில்தான். அவர்களுடைய பிள்ளைகளும் அதில் போனார்கள், அதனால் அங்கேயும் அது சொந்தத் துக்கம் ஆயிற்று. ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமிக்குப் போதும் என்றது; பிறகு, மிஞ்சியதை வேறு இடத்துக்குச் செலவிட அனுமதி கொடுங்கள் என்று கொடையாளர்களைக் கேட்டது. போதும் என்று சொன்ன தர்மத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

நாமே தூரத்துக் காட்சியாக இருந்த காலமும் உண்டு. என் ஆச்சி யாரையாவது திட்டினால் “தாது வருசத்துல பிறந்ததா நீ, இப்படித் திங்க?” என்பாள். 1876 முதல் 78 வரை அந்தப் பஞ்சம். தென்னிந்தியாவில் செத்தவர்கள் 50 லட்சத்துக்குக் குறையாது என்பது கணக்கு. 1877 ஜனவரி 1-ம் தேதி வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தபோது இங்கே ஜனங்கள் எறும்புப் புற்றைத் தோண்டி அதிலிருந்த தானியத்தைத் தின்றதாக ஆச்சியின் ஆச்சி சொல்வாளாம். அந்த ஆகஸ்டில் சென்னையிலிருந்து வேண்டுகோள் போய், லண்டன் மேயர் மேன்ஷன் ஹவுஸ் நிதி என்று ஒன்றைத் திறந்தார். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இருக்கின்றன. எலும்பாக இருக்கிறவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தது. எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் இல்லை. லண்டனில் யாரோ ஒரு பூக்கார அம்மாள் அதைப் பார்த்து, “அங்கே எப்பவுமே அப்படித்தான்” என்று சொல்லியிருப்பாள். இன்னொருத்தி ஒரு பென்னி போட்டிருப்பாள்.

எங்கள் பக்கத்தில் கைப்பிடி அரிசி என்று உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போட வேண்டும். வாரக் கடைசியில் கோவிலுக்குப் போகும். அம்மா அந்தப் பிடியை எடுக்கும்போது நான் கையைப் பார்ப்பேன். எங்கள் பசி அதிகமான நாளில் பிடி சிறுக்கும், ஆனால் எடுக்காமல் விட்டது கிடையாது. யாருக்கு என்று அவள் கேட்டதே இல்லை. படம் பார்த்து அழுது கொடுப்பது ஒரு வகை, இது வேறு வகை. பஞ்சம் மாதிரி மெதுவாக வருகிறதற்கு மெதுவாகக் கொடுக்கிற கைதான் எட்டும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் இப்போது எங்கள் தெருவில் பாதிப் பேர் குக்கரில் டம்ளரால் அளந்து போடுகிறார்கள், பிடி எங்கே எடுப்பது?


கரைமடி:

கூடுதாழை பக்கம் நான். வாங்குன கை பேசுது, கொஞ்சம் கேளுங்க.

சுனாமி வந்தப்ப எனக்குப் பத்தொம்பது. லாரி லாரியா வந்துது. பழைய துணி ரோட்டோரம் மலையா கிடந்துது, மழையில நனைஞ்சு நாறுச்சு. கடக்கரைக்காரனுக்குக் கம்பளி ஸ்வெட்டர் வந்துது. ஒரு கோட்டு வந்துது, என் தம்பி அதைப் போட்டுக்கிட்டு ஒரு நாள் முழுக்க தொரை மாதிரி அலைஞ்சான். உருப்படியா வந்தது சோத்துப்பானையும் தட்டுந்தான், பாத்திரக்கடை அண்ணாச்சிக்காகச் சொல்லலை, நெசமாவே. அப்புறம் ஃபைபர் வள்ளம். கட்டுமரம் வச்சிருந்தவனுக்கும் வள்ளம், மரமே இல்லாதவனுக்கும் வள்ளம்.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 29 ராத்திரி. எங்க அக்காவைச் சின்னத்துறையில கட்டிக் குடுத்திருந்துது. மச்சான் ஆழ்கடலுக்குப் போனவரு. திரும்பலை. அங்க ஒரு லாரியும் வரலைன்னு சொல்ல மாட்டேன், வந்துது. ஆனா சுனாமிக்கு வந்த கூட்டத்துல நூத்துல ஒரு பங்கு இல்ல. எதுக்குன்னு அப்பவே யோசிச்சேன். கரையில ஒரு சேதமும் தெரியாது. வீடு நிக்கி, கோயில் நிக்கி, தென்னை மரம் நிக்கி. டி.வி.காரன் கேமராவைத் திருப்பினா வெறும் கடலு. எத்தனை பேரைக் காணலைங்கிற கணக்கு நாளுக்கு நாள் மாறிச்சு. ஒரு ஆளு செத்துட்டான்னு சொல்லதுக்கு உடம்பு இல்ல. டிசம்பர் 7-ல ஆயிரக்கணக்கான சனம் குழித்துறை ஸ்டேசன்ல தண்டவாளத்துல உக்காந்துது, தேடுங்கடான்னு. அதுக்கு அப்புறந்தான் ஊரு திரும்பிப் பாத்துது. அக்கா ஒரு வருசம் பொட்டு அழிக்கல.

வாத்தியார் செத்தவங்க எண்ணிக்கைக்குத்தான் காசு விழும்னு எழுதியிருக்காரு. எண்ணவே முடியாதவங்களுக்கு?


மேலப்பாளையம்_பீடிமண்டி:

அண்ணாச்சி, நான் அந்த வாழைக்காய் மண்டிக்காரரைத் திட்டலாம்னுதான் வந்தேன். எழுத உக்காந்ததும் எங்க ஊரு ஞாபகம் வந்துட்டு.

2024 ரம்ஜான்ல எங்க பக்கம் காஸா பத்திப் பேசாத வீடு இல்ல. பீடி சுத்துத பொம்பளையாளுங்க தட்டுல இலையை வச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சாங்க. சூடான்லயும் முஸ்லிம்தான், அங்கயும் நோம்புதான், எத்தனையோ பேரு நோம்பு திறக்க ஒண்ணுமில்லாமத் திறந்தாங்க. சூடானுக்குன்னு எங்க தெருவுல ஒரு பைசா பேச்சு வரலை. அதனால, சொந்த சாதி சனம், சொந்த மார்க்கம்னாத்தான் காசு விழும்னு சொல்லுதது பாதிக் கணக்குதான்.

நான் நினைக்கது இதுதான். காஸா கதை எங்க வாப்பா காலத்துல இருந்தே எங்களுக்குத் தெரியும், யாரு என்ன செஞ்சான்னு ஆளுக்கு ஒரு வரி சொல்லுவோம். சூடான்ல ராணுவம் ஒரு பக்கம், விரைவு ஆதரவுப் படைன்னு ஒரு கூட்டம் இன்னொரு பக்கம். 2023 ஏப்ரல் வரைக்கும் ரெண்டும் சேர்ந்து நாட்டை ஆண்ட கூட்டந்தான். அதுல நாம யாருக்காக ஆவேசப்படுதது? ஒரே வரியில சொல்ல முடியாத சண்டைக்கு வசூல் நிக்காது. ஒரு கோடிப் பேருக்கு மேல வீட்டை விட்டு ஓடியிருக்காங்கன்னு சொன்னாலும், எதுக்கு ஓடுனாங்கன்னு அடுத்த கேள்வி வரும், அதுக்குப் பதில் சொல்லி முடிக்கதுக்குள்ள வந்தவரு டீ குடிச்சு முடிச்சிருவாரு.

டவுன்காரருக்கும் ஒண்ணு. 2023 டிசம்பர்ல அந்த மாச ஆரம்பத்துல சென்னை முங்கினப்ப நாடே பாத்துது. நமக்கு ரெண்டு வாரம் கழிச்சு வந்துது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு, 800 பேர் சோறு தண்ணி இல்லாம மாட்டினாங்க. மத்த ஊரெல்லாம் திரும்பிப் பாத்தது அந்த ரயிலைத்தான். ரயிலுக்குப் பேரு இருக்கு, எண்ணி எடுக்க ஆள் இருக்கு, மேல ஹெலிகாப்டர் பறக்கு. அதே தண்ணியில ஏரல் பக்கத்துக் கிராமங்கள்ல தட்டட்டியில, அதான் மொட்டைமாடியில, நின்னவங்களை எத்தனை பேரு பாத்தாங்க? எங்க பையலுவ சோத்துப் பொட்டலத்தைத் தலையில வச்சுக் கழுத்தளவு தண்ணியில போனானுவ. அப்ப சென்னைக்காரனுக்கு நாமதான் சூடான்.

அந்த பேங்க் தம்பி கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்கய்யா. எங்களுக்கும் வேணும்.


புள்ளியியல்_வாத்தியார்:

அதற்கு நானே சொல்கிறேன். வெளிநாட்டுக்கு நேராக அனுப்புவது நம் ஆட்களுக்குச் சிரமம். முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் போட்டால் வருமான வரிச் சலுகை உண்டு, வெளிநாட்டு அமைப்புக்குப் போட்டால் கிடையாது. வங்கி வழியாக அனுப்பலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் படிவம், பான் எண், எதற்கு அனுப்புகிறாய் என்ற கேள்வி எல்லாம் உண்டு, 312 ரூபாய்க்கு யாரும் செய்ய மாட்டார்கள். 2022-ல் இலங்கைக்கு ஏன் அவ்வளவு சுலபமாகச் சேர்ந்தது? தமிழ்நாடு அரசே 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பொடியும் அனுப்பியது, கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியதை நாம் பார்த்தோம். சொந்தம், மொழி எல்லாம் இருந்தது, ஆனால் கப்பலும் இருந்தது. கரைமடி அண்ணனுக்கு: எண்ணவே முடியாதவர்களைப் பற்றி ஆய்வு எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. அந்தக் கேள்வியை வகுப்பில் வைக்கிறேன்.


பாத்திரக்கடை_பாளை:

எல்லாருக்கும் நன்றி. கரைமடி தம்பி, அக்காவுக்கு என் கும்பிடு. கோட்டு அனுப்புனது எங்க பஜார் இல்லைன்னு நம்புதேன், ஆனா 2004 லாரியில துணி மூட்டை இருந்துது. பிரிச்சுப் பாக்காமத்தான் ஏத்தினோம்.

சூடான் காசு என்னாச்சுன்னு சொல்லிருதேன். எம் மச்சான் மகன் துபாய்ல இருக்கான். 312 ரூபாயோட என் பங்கும் பஜார்ல நாலு பேரு பங்கும் சேர்த்து 3,000 ஆக்கி அவனுக்கு அனுப்பினேன், அவன் அங்கிருந்தே ஐ.நா.வோட உலக உணவுத் திட்டத்துக்குக் கட்டினான். ஃபோன்ல ரசீது வந்துது. அதைப் பிரின்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சேன். பேங்க் தம்பி வந்து குனிஞ்சு படிச்சான். ஒண்ணும் சொல்லலை, நூறு ரூபா எடுத்துக் குடுத்தான். சம்படத்துல போடலை, என் கையில குடுத்தான். ரசீது கிழிச்சேன்.

டீச்சரம்மா சொன்ன கைப்பிடி அரிசி ரெண்டு நாள் மண்டையில ஓடுச்சு. கடைக்காரனுக்கு உலை எது, போணிதானே. இந்தத் தை மாசத்துல இருந்து தினம் முதல் போணியில பத்து ரூபாயைத் தனிச் சம்படத்துல போடுதேன். பழைய ரெண்டு தாளையும் கிழிச்சுட்டு, இதுக்கு ஊர்ப்பேரே எழுதாம விட்டேன். பக்கத்துக் கடைக்காரங்க மூணு பேரும் போடுதாங்க. ஒரு நாள் மழைக்குப் போணியே ஆகலை, அன்னிக்கு ரெண்டு ரூபா போட்டேன்.

போன வாரம் பூ விக்கிற ஆச்சி வந்தா. இடியாப்ப உழக்கு ஒண்ணு வாங்கிட்டு மிச்சக் காசுல பத்து ரூபாயை எடுத்துச் சம்படத்து வாயில வச்சுட்டா. வச்ச கையோட, “இது எந்த ஊருக்குய்யா?”ன்னு கேட்டா.

“இன்னும் முடிவாகலை ஆச்சி.”

“அப்ப முடிவான பொறவு போடுதேன்”ன்னு நோட்டை உருவி இடுப்புல செருகிட்டுப் போயிட்டா.